பன்னிரண்டாம் மணி

நேற்றிரவு எட்டுக்கு மாத்திரை.
இன்று காலை எட்டுக்கு ரத்தம்.
இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரத்தில்
யாருக்கும் வேலையில்லை,
சிறுநீரகங்களைத் தவிர.

கலாமா நகரத்து மருத்துவமனை.
ஜன்னல் துடைத்த துணியெல்லாம் பாலைவனம்.
வில்ஃப்ரெடோ அன்சா கையை நீட்டுகிறார்.
குருவி எழுந்துபோன பின் ஆடும் கம்பிபோல
விரல்கள்.
மெல்லிய நடுக்கம் மருந்தின் வழக்கம்.
இது மெல்லியதில்லை.

பத்தொன்பது வருஷம் உப்புவெளியில் வேலை.
பூமிக்கடியிலிருந்து நீலமாய் ஏறும் நீர்
குளம் மாறிக் குளம் மாறிப் பச்சையாகி
மஞ்சளாகி
கடைசியில் எண்ணெய்போல் கனத்து நிற்குமாம்.
அதற்குத்தான் லாரிகள் வரும்.
அதே லித்தியம்
வெள்ளை வட்டமாய், முந்நூறு மில்லிகிராமாய்,
என் காகிதக் குவளையில்.
"நான் அனுப்பினது ஊரெல்லாம் சுற்றி
எனக்கே வந்துவிட்டது, லிசெத்" என்பார்
நல்ல நாளில்.

மற்ற நாட்களும் எனக்குத் தெரியும்.
ஒன்பது இரவு உறங்காமல்
தெருக் கதவுகளுக்கெல்லாம் நீலம் அடித்தவர்.
பிறகு ஜூலை முழுக்கச்
சுவர் பார்த்துக் கிடந்தவர்.

முடிவு வந்தது: ஒன்று புள்ளி ஆறு.
போன மாதம் பூஜ்யம் புள்ளி எட்டு.
டாக்டர் போனில் கேட்டார்:
கூடுதலாய் விழுங்கினாரா, வாந்தியா, பேதியா, வலி மாத்திரையா?
இல்லை. இல்லை. இல்லை. இல்லை.
மாத்திரையை நிறுத்து, சலைன் ஏற்று.

உடம்பில் நீர் வற்றினால்
சிறுநீரகம் உப்பை இறுக்கிப் பிடிக்கும்,
லித்தியத்தையும் உப்பென்றே நம்பிப் பிடிக்கும்.
தேர்வில் இதற்கு நான்கு மதிப்பெண்.
நீர் ஏன் வற்றியது என்பது
எந்தச் சோதனைக் குழாயிலும் படிவதில்லை.

ஊசியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.
நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவை அணைத்தார்,
மறுபடி போட்டார்.

"தங்கச்சி வீட்டுக் கிணறு
பிப்ரவரியில் வற்றிப்போச்சு.
இந்தக் கையால வால்வைத் திறந்து
எவ்வளவு தண்ணியை வெயிலுக்குக் குடிக்கக் கொடுத்தேன்.
என் பங்கைத் திருப்பித் தர்றேன்."
ஆறு நாளாய்,
நாளுக்கு ஒரு கோப்பை தேநீர் மட்டும்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்
என்றேன், வேடிக்கையாக.
அவர் சிரிக்கவில்லை.
சொல்லி முடித்த பிறகுதான்
அந்தச் சொல்லின் இன்னொரு பொருள்
என் காதிலேயே விழுந்தது.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு.
குற்ற உணர்வு: நியாயமானது / மிகையானது.
பேனாவைத் திறந்தேன்.
கிணறு வற்றியது பிரமையில்லை.
ஆறு நாள் தாகத்தால் கிணறு ஊறாது என்பதும்
பிரமையில்லை.
பேனாவை மூடினேன்.

வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
"அந்தப் பையில் இருக்கிறது எந்த ஊர்த் தண்ணி?"
எழுந்து, பையைத் திருப்பி,
பொடி எழுத்துகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
சான்டியாகோ.

"அப்படியானால் ஏறட்டும்" என்று
கையை நீட்டினார்.
நடுங்கும் கையில் நரம்பு தேடுவது கடினம்.
இரண்டாம் முறைதான் கிடைத்தது.