வியாழக்கிழமைப் பட்டியல்

விஸ்கான்சின் வாரத்தாளில்
வந்துவிட்டது,
எந்தப் பண்ணைக்கு எவ்வளவு நிவாரணம் என்று.

ஏப்ரலில் பால்வண்டி வராத பதினோரு நாளும்
மாடுகளுக்கு மடி கனக்காமலா இருந்தது?
சாணக்குழியில் நாங்கள் கொட்டியதை
ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது தீவனக்கடை வரிசையில்
ஆறடி தள்ளி நின்றபடி
முகக்கவசத்துக்கு மேலே
எல்லார் கண்ணும் கணக்குப் போடுகிறது.

ஹால்வர்சனுக்கு இரண்டு லட்சம் டாலர்.
அவருடைய புதுக் கொட்டகையில்
இன்னும் சாயம் காயவில்லை.

எங்களுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
பழைய பாக்கிக்கு அதை வாங்கிக்கொண்ட கடைக்காரர்
ரசீதோடு ஒரு பென்சிலும் தந்தார்.

கடைசிப் பெயர் மார்வா லிண்ட்க்விஸ்ட்:
ஒரே செம்மறி, முப்பத்துமூன்று டாலர்.
அவள் மட்டும்தான்
அந்தப் பக்கத்தைக் கத்தரித்து
வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறாள்,
எழுத்து வெளியே பார்க்கும்படி.