திருகாணி

கடையில் அதற்குப் பெயர் பொம்மைப் பெட்டி.
நாற்பத்தொன்பது கட்டை, ஆறு பேட்டரி,
இருபத்திரண்டு தினார்; பேரம் பேசினால் பத்தொன்பது.
மனாமாவில் துணிக்கடைச் சந்துக்குப் பின்னால்
ரேடியோ, அயர்ன் பாக்ஸ், மிக்சி எல்லாவற்றுக்குமாக
ஒரே சால்டரிங் அயர்னோடு நான்.

மர்சூக் கல்யாண வீடுகளில் பாடுகிறவன்.
என் பெயர் அவன் வாயில் நுழையாது.
மொஹந்திஸ் என்பான், இன்ஜினீயர் என்று அர்த்தமாம்.
ஐ.டி.ஐ.யில் அரியர் வைத்துவிட்டு விமானம் ஏறியவனுக்கு
கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஒரு வியாழன் மதியம் பெட்டியைக் கவுண்டரில் வைத்து
இந்தக் கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே
நகம் நுழையாத இடத்தைத் தொட்டான்.
"இங்கே ஒரு சுரம் இருக்கிறது,
உன் பெட்டியில் இல்லை."
பாடிக் காட்டினான்.
இருந்தது.

மூடியைக் கழற்றினேன்.
சுருதிக்கென்று உள்ளே ஒரு திருகாணி, மிளகு அளவு.
முதுகில் துளை போட்டு
செத்துப்போன ரேடியோ ஒன்றின் குமிழை
அதில் மாட்டிவிட்டேன்.
வலது கை கட்டையில், இடது கை குமிழில்.
பாட்டின் மூன்றாம் அடியில் அந்த இடம் வரும்போது
மொத்தப் பெட்டியும் இறங்கி ஏறும்,
சரியான இடத்தைக் கொஞ்சம் தாண்டித்தான் இறங்கும்.
ஜனம் அந்தத் தாண்டலுக்குக் கைதட்டியது.

கேசட் வந்தது.
முஹரக்கிலிருந்து, ரிஃபாவிலிருந்து,
பாலம் தாண்டித் தம்மாமிலிருந்துகூட
பெட்டியும் கையுமாக வந்தார்கள்:
"மர்சூக் ஓட்டை போடு."
ஓட்டைக்கு ஒரு தினார், குமிழுக்கு முந்நூறு ஃபில்ஸ்.
தங்கை கல்யாணக் கடன் அந்த வருஷம் அடைந்தது.

ஃபராஜும் வந்தான். மேளக்காரன், வெறுங்கை.
ரும்பா என்று எழுதிய பொத்தானைக் காட்டி,
"ஆறு பேர் கூலியை ஆறு பேட்டரி வாங்கிக்கொண்டது.
அது போகட்டும்.
இதைக் கொஞ்சம் பிந்தி அடிக்கவைக்க முடியுமா?
மாப்பிள்ளை வாசலில் தயங்கி நின்றாலும்
இது நிற்கமாட்டேன் என்கிறது."
முடியாது என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன்.
பிஸ்கட்டை நனைத்தபடி
இன்னொரு கையால் கவுண்டரில் அவன் தட்டியது
அதே ரும்பாதான்,
கொஞ்சம் பிந்தி.

பிறகு கம்பெனிக்காரனே
அந்தச் சுரத்துக்குப் பொத்தான் வைத்துப் புதுப் பெட்டி இறக்கினான்.
துளைபோடும் ட்ரில்லை
ஏ.சி. ரிப்பேர்க்காரனுக்கு விற்றேன்.

போன மாதம் டாக்ஸியில் ஒரு பாட்டு.
யாரோ சின்னப் பையன், கம்ப்யூட்டரில் செய்ததாம்.
மூன்றாம் அடியில் சுரம் இறங்கியது,
சரியான இடத்தைக் கொஞ்சம் தாண்டி,
அவசரத்தில் குமிழ் திருப்பும் கை போல.
அந்தப் பையனிடம் குமிழ் ஏது, திருகாணி ஏது.

டிரைவரிடம் சொல்ல வாயெடுத்தேன்.
"சத்தம் ஜாஸ்தியா, குறைக்கவா?" என்றார்.
இல்லை, இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்பதற்குள்
பால்பவுடர் விளம்பரம் ஓடத் தொடங்கியிருந்தது.