கோடைக்கான எரிவாயு

இவாலோவில் பெட்ரோல் போட்ட இடத்தில்
பாதி விலைக்குக் கிடைத்ததென்று
ஆர்மாஸ் வாங்கி வந்த எரிவாயுக் குப்பி
கோடைக்கானது.
அது தெரிந்தபோது
உறைந்த இனாரி ஏரிமேல்
பதினான்கு கிலோமீட்டர் சறுக்கி வந்திருந்தோம்.
மைனஸ் இருபத்தொன்பது.
அடுப்பைத் திருகினான்.
ஓர் ஏப்பம்கூட வரவில்லை.

காய்ந்த மரமுள்ள கரை இன்னும் ஐந்து கிலோமீட்டர்.
இருட்டு. எதிர்க்காற்று.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
இருபத்திரண்டு வருடமாக
ஒன்றும் சொல்லாமலிருப்பது எனக்கு நன்றாக வரும்.

ஆம்புலன்ஸில் வேலை எனக்கு.
கறுத்த விரல்களைப் பஞ்சில் பொதிந்து
இரவோடிரவாக ரொவானியேமிக்குக் கொண்டுபோகிறவள்.
குளிர் கத்திக்கொண்டு வருவதில்லை.
கையுறையைக் கழற்றி
ஒரு முடிச்சை அவிழ்க்கிற நேரத்தில் வரும்.
வலிக்கிறவரை விரல் உன்னுடையது.
வலி நின்றால் பயப்படு.

முளைக்குச்சி நிற்காத பனியில்
சறுக்குக்கட்டைகளையே நட்டுக் கயிறு கட்டினோம்.
அவசரப்பட்டான்.
"மெதுவாக. வியர்க்காதே."
இங்கே வியர்வை என்பது கடன்,
நடுராத்திரியில் வட்டியோடு வசூலிக்கும்.
உறைந்த வெண்ணெயை
வெல்லக்கட்டிபோல் கடித்துத் தின்றோம்.
பிளாஸ்கின் கடைசி வெந்நீரைப் புட்டியில் ஊற்றிப்
பனிக்குள் தலைகீழாகப் புதைத்தேன்.
தண்ணீர் மேலிருந்துதான் உறையும்,
வாய் கீழே இருந்தால் காலையில் திறக்கலாம்.

என் உறங்குபைக்குள்
நாளைய காலுறை வயிற்றின்மேல்,
தலைவிளக்கின் பேட்டரி அக்குளில்,
பூட்ஸின் உள்ளுறைகள் முழங்காலுக்கடியில்,
செல்போன் எங்கோ.
கடைசியாக அந்தக் குப்பி.
கம்பளித் தொப்பியில் சுற்றித் தொடைகளுக்கு நடுவே வைத்ததும்
உயிர் ஒருமுறை வெளியே போய்விட்டுத் திரும்பியது.

"என்னிடம் கொடு, தப்பு என்னுடையது" என்றான்.
"உன் உடம்பே ஐஸ். அது எப்படிச் சூடாகும்?"
அந்த வாரம் அவனிடம் நான் பேசியதில்
அதுதான் நீளமான பேச்சு.

கோழி முட்டையோடு கிடப்பதுபோல் கிடந்தேன்,
புரளாமல்.
மேலே கூரைத்துணியில் எங்கள் இருவர் மூச்சும்
ஒரே வெள்ளையாகப் படிந்து,
காற்று உலுக்கும்போதெல்லாம்
முகத்தில் கொட்டியது.
மூக்கை மூடிக்கொள்ளக் கூடாது,
மூச்சு பைக்குள் போனால் பை நனையும்.

இரண்டு மணிக்கு அவன் நெளிகிற சத்தம்.
"போய்விட்டு வா. அடக்காதே.
அடக்கி வைத்ததையும் உடம்புதான் சுமக்கணும்."
சொல்லிவிட்டு
அந்த வாக்கியத்தை நானே ஒருமுறை கேட்டேன்.

போனவன் வரவில்லை.
எண்ணினேன். இருநூறு. முந்நூறு.
நானூற்றுப் பத்தில் மண்வெட்டிச் சத்தம்,
கூடாரத்தின் வெளிப்புறம், என் தலைப்பக்கம்.
காற்று அடிக்கிற பக்கம் அதுதான்.
பனியை அள்ளி அள்ளி
ஒரு சுவர் எழுப்பிக்கொண்டிருந்தான்.
துணியின் படபடப்பு
முதலில் இடுப்பளவில் அடங்கியது,
பிறகு தோளளவில்.

"வியர்க்காதே!" என்று கத்தினேன்.
"இல்லை, இல்லை" என்றது மூச்சிரைக்கிற குரல்.
பொய்.
உள்ளே வந்தவனின் பனியன் ஈரம்.
திட்டினேன், வாய் ஓயும்வரை.
திட்டிக்கொண்டே அதை உருவி எறிந்து
என் காய்ந்த பனியனை மாட்டிவிட்டேன்.
கை அவனுக்குக் குட்டை.
தொப்புள் தெரிந்தது.
ஐம்பத்தாறு வயது ஆள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விடிந்ததென்று சொல்ல முடியாது,
பத்தரை மணிக்குக் கொஞ்சம் நீலம்.
"பொரிந்ததா?" என்றான்.
குப்பியை எடுத்துக் கொடுத்தேன்,
என் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக.
கூடாரத்துக்கு வெளியே குனிந்து
தீக்குச்சி கிழித்தான்.
முதலில் ஒரு சீறல். பிறகு
நடுங்கும் நீலக் குஞ்சு.

புட்டியைத் தோண்டினேன். மூடி திறந்தது.

கோடைக்கான அந்த எரிவாயு
ஏழு நிமிடம் எரியுமென்று கணக்குப் போட்டான்.
காபிக்கு ஆறு போதும்.
மிச்சத்தைச் சேமிக்க வேண்டும்,
எவருக்கும் அதைத்தான் சொல்லுவேன் நான்.

பாத்திரத்தை இறக்கிய பிறகும்
நாங்கள் அணைக்கவில்லை.
நான்கு கைகள்,
அதன்மேல்.