நாலு மணித் தண்ணீர்

அண்ணன் விதை அனுப்புகிற உறையில்
எப்போதும் மலைமழை மணக்கும் என்றேன்.
நிமலன் முகர்ந்து பார்த்துவிட்டு
"பூச்சிமருந்து" என்றான்.
அதுவும் சரிதான்.

கந்தப்பளை ஆறாயிரம் அடிக்கு மேலே.
தருமபுரத்தில் கூரைமேல் ஏறி நின்றாலும்
நூறு அடி தேறாது.
ஆனாலும் இங்கே குளிர் வரும்.
கார்த்திகை வெள்ளம் வடிந்து
வாய்க்காலோரத் தவளைகளுக்குத் தொண்டை கட்டிய பிறகு
மார்கழியில் ஒருநாள் விடிய
கிணற்றடி வாளியின் பிடி சில்லென்றிருக்கும்.
அன்றைக்கு எண்ணத் தொடங்குவேன்.
போன வருசம் ஐம்பத்திமூன்று நாள்.
அதற்கு முந்தினது நாற்பத்தொன்று.
கலண்டரின் பின்பக்கத்தில் பென்சில் கோடுகள்,
பால்காரன் கணக்குப் போல.

அதற்குள் ஒரு கரட்
கரட்டாகிவிட வேண்டும்.

"கச்சான் போடு, மிளகாய் போடு,
இந்த மண்ணுக்குத் தெரிஞ்சதைப் போடு"
என்பாள் வேலிக்கு அந்தப்பக்கம் தவமலர்.
மண்ணுக்குத் தெரியாதுதான்.
முதல் வருசம் கரட் எல்லாம் இரண்டு காலோடு வந்தன.
ஒன்று கால்மேல் கால் போட்டிருந்தது.
அடியில் கல். கல்லுக்குப் பக்கத்தில் இரும்பு.
தொடவில்லை. தள்ளி ஒரு தடியை நட்டு
சிவப்புத் துணி கட்டி
அதற்குரியவர்களுக்குப் போன் எடுத்தோம்.
வந்தார்கள். படுத்தபடி அரைமணி நேரம் கிளறினார்கள்.
"சைக்கிள் பெடல், அக்கா."
அன்றைக்கு எல்லாருக்கும் தேத்தண்ணி.

அடுத்த வருசம் பாத்தி மண் முழுவதையும்
இடியப்பத்துக்கு மா அரிக்கிற மாதிரி அரித்தேன்.

தை நடுவில் கிணறு இறங்கிவிடும்.
பின்னேரம் இறைத்தால் சேறு.
இராத்திரி முழுக்க ஊறினால்
விடிய நாலு மணிக்கு
முக்கால் மணித்தியாலத் தண்ணீர் நிற்கும்.
வெயில் எழும்புமுன் கொடுத்து முடிக்க வேண்டும்.

நாலு மணிக்கு அண்ணனும் எழும்பியிருப்பான்.
அங்கே இலைமேல் பனி உப்பாய்ப் பூத்திருக்கும்.
வெயில் தொடுமுன் அதைக் கழுவாவிட்டால்
மத்தியானத்துக்குள் கிழங்குச்செடி கறுத்துவிடும்.
போனைப் பனங்குற்றியில் வைத்து
சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.
நாங்கள் அதிகம் கதைப்பதில்லை.
அவனுடைய குழாயும் என்னுடைய குழாயும்.
எது எவருடையதென்று நிமலனுக்குப் பிடிபடாது.
எனக்குத் தெரியும்:
அவனுடையது மேலேயிருந்து தானாய் இறங்குகிற தண்ணீர்.
என்னுடையதை மெசின் இருமி இருமித் தள்ளுகிறது.

தைக் கடைசியில் அவன் சொன்னான்:
"கீழ்ப் பாத்தி கருகிருச்சு, தங்கச்சி."
குளிரில்.
மாசி இருபதில் நான் சொன்னேன்:
"கோவா கருகிப் போச்சு."
வெயிலில்.
இரண்டு முறையும் மற்றப் பக்கத்தில்
கொஞ்சநேரம் தண்ணீர் மட்டும் ஓடியது.

லீக்ஸைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.
லீக்ஸ் இங்கே வராது.
ஒவ்வொரு வருசமும் நடுகிறேன்.
நாலரை மாதக் குளிர் கேட்கிற பயிருக்கு
ஐம்பத்திமூன்று நாளைக் காட்டி
சமாளி என்கிறவளை என்ன சொல்வது?
இம்முறை பென்சில் மொத்தம்.
படம் எடுத்து அனுப்பினேன்.
சிரிக்கிற முகங்கள் ஆறு வந்தன.
பிறகு ஒரு கேள்வி:
"அடி வெள்ளையா இருக்கா?"
ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன்.
வெள்ளை.
ஒரு விரல் நீளத்துக்கு.

அதை நான் கழுவிக்கொண்டிருக்கும்போது
தவமலர் வேலியால் கை நீட்டினாள்.
"அந்த வெங்காயம் மாதிரிச் சாமானிலை
கொஞ்சம் தா, சம்பலுக்கு."
மிச்சம் ஒன்பதுதான் நின்றது.
ஐந்து கொடுத்தேன்.
நாலைப் பிடுங்கவில்லை.
கிணற்றை எட்டிப் பார்த்தேன்,
நாளை விடியவும் ஒரு கால்மணிக்குக் காணும்.