இடக்கை வரைந்த பேய்கள்

வேளச்சேரி, மூன்றாம் மாடி.
மழை பிடித்து இரண்டு நாள்.
நகப்பூச்சு காயவே மாட்டேன் என்கிறது.

இன்றிரவு ஷிப்டில் ஹாலோவீன்.
முகமூடிக்குச் செலவழிக்க மனமில்லை,
நகம் இருக்கிறது பத்து.
கறுப்பு, ரங்கநாதன் தெருவில் முப்பது ரூபாய்.
வெள்ளைக்கு ஆபீஸ் ஒயிட்னர்.
தூரிகைக்குப் பல்குத்தும் குச்சி.

இடக்கை முதலில்.
கட்டைவிரலுக்குச் சிலந்திவலை,
மற்ற நாலுக்கும் ஆளுக்கொரு பேய்.
பேய்க்குக் கால் இல்லாதது எவ்வளவு வசதி:
நகம் முடிகிற இடத்தில் விட்டுவிடலாம்.
நாலும் சமர்த்தாக வந்தன,
பள்ளிக்கூடம் புறப்பட்டதுபோல்.

வலக்கைக்கு வந்தபோது கரண்ட் போனது.
ஃபிலோ செல்போன் டார்ச் பிடித்தாள்,
கொசு கடிக்கக் கடிக்க வெளிச்சமும் ஆடியது.
இடக்கைக்கு வரையத் தெரியாது.
ஒன்றுக்கு வாய் நெற்றிவரை போயிற்று.
ஒன்றுக்கு ஒரு கண்தான்; மற்றது தோலில் வழிந்தது.
சுண்டுவிரலில் இருப்பது என்னவென்று
இருவருக்குமே தெரியவில்லை.

"ஐயோ, இதுதான்டி பேய்" என்றாள்,
டார்ச்சைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து.

ஒன்பதுக்கு கேப்.
காயாத பத்தையும் விரித்து உட்கார்ந்தேன்.
தயிர்சாதம் அவள்தான் ஊட்டினாள்,
என் சுண்டுவிரலைப் பார்க்காமல்.

விடியும்வரை ஹெட்செட்டில்
யார் யாருடைய ஆஸ்பத்திரி பில்லோ.
அந்தப் பக்கத்தில் ஒருவருக்கும்
என் கை தெரியப்போவதில்லை.

கேப் திரும்பும் முனையில்
பாதி எழும்பிய கட்டடம்.
சாரத்தில் தொங்குகிறது திருஷ்டிப் பூசணி,
மீசையும் பல்லுமாக.
ஒரு கண் மேலே, ஒரு கண் கன்னத்தில்.
வரைந்தவருக்கும்
வலக்கை ஈரமாக இருந்திருக்கும்.