மீதி அரை

ஹார்லிங்கனுக்குத் தெற்கே, கடலைவிடத் தாழ்ந்த நிலத்தில்
வயலுக்கும் வயலுக்கும் வேலி கிடையாது.
வாய்க்கால்தான் வேலி.
அதன் நீரைக் கூட்டிக் குறைக்கப் பதினோரு பம்புகள்.
பம்புகளுக்குப் புத்தி சொல்ல
ஆறாயிரத்துச் சொச்சம் வரி நிரல்,
மொழியின் இரண்டாம் பதிப்பில்.

இரண்டாம் பதிப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள்.
மொழியைப் பராமரிப்பவர்களே ஒரு மாற்றியும் தந்தார்கள்:
பழையதை ஊட்டினால் புதியது வரும்.
அக்டோபரோடு அந்த மாற்றியும் நிற்கிறது
என்று அடியில் ஒரு வரி.
பிழை இருந்தால் சொல்லலாம், திருத்த இயலாது.
நட்டாற்றில் விடுவதை
இத்தனை மரியாதையாகச் சொல்ல முடியும் என்று
அன்றுதான் எனக்குத் தெரியும்.

நீர் வாரியப் படிவத்தில் கேள்வி ஒன்பது:
பயன்படுத்தும் கருவிக்கு அதிகாரப்பூர்வ ஆதரவு உண்டா?
உண்டு. இல்லை. இரண்டே கட்டம்.
"முப்பத்தொன்றாம் தேதிவரை உண்டு" என்றாள் ஃபோக்யெ.
அதற்குக் கட்டமில்லை.
இருபத்தொன்பதாம் தேதி இரவு ஓட்டினோம்.

நாற்பது நொடி.
அச்சிடு என்று வந்த இடமெல்லாம் அடைப்புக்குறி மாட்டியது.
பெயர் மாறிய நூலகங்களைப் புதுப் பெயரில் கூப்பிட்டது.
குறிப்புரைகளை மட்டும் தொடவில்லை;
மனிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அது,
தொடாததுதான் நாகரிகம்.
ஏழாம் பம்பில், காரணமில்லாமல் ஒன்றைக் கூட்டிய வரியருகே
யாரோ ஃபிரீசிய மொழியில் எழுதியிருந்தார்:
இதில் கை வைக்காதே.

வைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து
விபெங்காவின் பத்தொன்பது செம்மறிகள்
வயிறு நனையாமல் வாய்க்காலைக் கடந்து
தெர்ப்ஸ்ட்ராவின் பீட்ரூட்டில் நின்றன.
ஏழாம் பம்பு ஓய்வில்லாமல் இறைத்திருந்தது,
குறைகூற ஒருவரும் இல்லாத வேலைக்காரனைப் போல.

அந்த வரியை எழுதிய அவுகெ
இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்.
பிள்ளைகள் இறங்கும் கூச்சலுக்கு நடுவே
தொலைபேசியில் சொன்னார்:
"உள்மட்டம், வெளிமட்டம், கூட்டி இரண்டால் வகுக்கணும்.
பழைய பதிப்பில் ஏழை இரண்டால் வகுத்தால் மூன்று.
மீதி அரையை விழுங்கிவிடும்.
நீர் அதற்கு எப்போதும் குறைவாகவே தெரியும்.
அதனால் ஒன்று போட்டுவைத்தேன்.
கொஞ்சம் அதிகம்தான். கடல் பக்கத்தில் இருக்கிறதே."

புதிய பதிப்பு மூன்றரை என்கிறது.
விழுங்கிய அரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது,
பதினெட்டு வருடம் கழித்து, வட்டியில்லாமல்.
பொய்க்கு முட்டுக்கொடுத்த ஒன்று
உண்மை வந்த பிறகும்
தோளை எடுக்காமல் நின்றதுதான் வினை.

மாற்றியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.
அதற்குச் சாய்கோடு தெரியும்.
கோட்டுக்கு மேலே இருப்பது வெறும் எண்ணா
வட கடலா என்று
அதனிடம் யார் சொன்னார்கள்?
அதை எழுதியவர்கள் சம்பளமில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதினார்கள்.
ஞாயிறு தீர்ந்துவிட்டது, அவ்வளவே.

பீட்ரூட்டுக்கான பணத்தை
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
வாரியம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.
கேள்வி ஒன்பது காலி.

ஃபோக்யெ அந்த ஒன்றை எடுத்தாள்.
அவுகெயின் வரியை அழிக்கவில்லை.
அதற்குக் கீழே, அதே மொழியில்:
கை வைத்தேன். நவம்பர் இருபத்தொன்று.
ஏதாவது கேட்கணுமென்றால் அறை பதினான்கு.
வெள்ளிக்கிழமை இருக்க மாட்டேன்.