எடைமேடை

ரெஜினா நூலகத்திலிருந்து
புத்தகம் வந்து சேரப் பதினேழு நாள்.
அட்டையில் ஓர் இறைச்சித் துண்டு, பக்கத்தில் கீரை,
கல்லில் தீட்டிய ஈட்டிமுனை.
முதல் அத்தியாயத்திலேயே
என் பிழைப்பில் கை வைத்துவிட்டார்கள்:
கோதுமையை விடு.

நான் ஓரெஸ்ட் ஹ்ரின்கிவ்.
முப்பத்தொரு வருடமாக இந்தத் தானியக் கிடங்கில்
லாரி ஏறும், எண் நிற்கும்,
சீட்டு எழுதுவேன்.
மொத்தம். வண்டி. சரக்கு.
ஆகஸ்டில் என்னையும் ஒரு சீட்டில் எழுதினார் டாக்டர்,
இரத்தத்தில் சர்க்கரை இவ்வளவு என்று.
அது சட்டைப்பையில் இருக்கிறது
நாலாக மடித்து.

லாரிக்கும் லாரிக்கும் நடுவே படித்தேன்.
அறுவடை நெருக்கும் நாளில் அரைப் பக்கம்,
மழை வந்தால் அத்தியாயம்.
மனிதன் கடந்த காலம் முழுதும் ஒரு நாளென்றால்
ரொட்டி வந்தது
நள்ளிரவுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது, என்றது புத்தகம்.
ஓரத்தில் பென்சிலில், யாரோ:
*அந்த ஆறு நிமிடத்தில்தான் நான் பிறந்தேன்.*

அப்புறம் ஓரத்தையும் சேர்த்தே படித்தேன்.
வேட்டையாடிய உணவின் பெருமை பேசும் இடத்தில்
*பிப்ரவரியில் என்ன தின்றார்கள்?*
சால்மன் மீன் படத்தருகே
*விலை?*
கூடாதவற்றின் பட்டியலில், பால் என்ற சொல்லைச் சுற்றி
அழுத்தமாய் ஒரு வட்டம்:
*அவனுக்கு இறங்குவதே அதுதான்.*

அந்த வாரம் அலமாரியைக் காலி செய்தேன்.
ஒரு டப்பாவின் முதுகில் இருபத்துமூன்று பெயர்கள்.
அதில் எதையும் நான்
எந்த வயலிலிருந்தும் எடை போட்டதில்லை.
மச்சான் தந்த மான்தொடை உறைபெட்டியில் கிடந்தது.
ஏட்டு மான் கறிக்கு உதவாது,
அதனால் அதை வெளியே எடுத்தேன்.
கோஸ் இலையில் லூபா கறி சுருட்டினாள்,
முதன்முறையாக அரிசி சேர்க்காமல்.
பல்லில்லாத சிரிப்பு மாதிரி இருக்கிறது, என்றாள்.
ஆனாலும் நான்கு சாப்பிட்டாள்.
வேலியோரத்து சாஸ்கட்டூன் பழங்களைச்
சர்க்கரை போடாமல் தின்றால்
நாக்கு முதலில் கோபித்துக்கொள்கிறது.
பத்து நாளில் சமாதானம்.

பக்கம் 88: *வாத்து முட்டை. இரண்டு வாய்.*
பக்கம் 112: *எலும்புச்சாறு. முழுக் கோப்பை!*
அந்த ஆச்சரியக்குறியைப் பார்த்து
அறையில் தனியாக நான் சிரித்தேன்,
ஏதோ என் வீட்டில் காய்ச்சல் விட்டதுபோல.
பக்கம் 143: *ரொட்டி கேட்டான். கொடுத்தேன்.*

அதற்குப் பிறகு இருநூறு பக்கம்,
ஓரமெல்லாம் வெள்ளை.

திரும்பத் திரும்பப் புரட்டினேன்.
கடைசி அட்டையில் தேதி முத்திரைகள் மட்டும்,
மங்கலாக, ஒன்றன்மேல் ஒன்று.
நூலகத்தில் கேட்டால் சொல்வார்களா?
கேட்கவில்லை.

ஐந்து வாரத்தில் பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போனது.
ஆள் இல்லாத நேரம் எடைமேடையில் ஏறி நின்றேன்.
லாரிகளுக்கான கண் அதற்கு,
இருபது கிலோவுக்குக் குறைந்த எதுவும் தெரியாது.
அன்றும் நூறு, இன்றும் நூறு.
டாக்டரின் புதிய சீட்டு வேறு சொல்கிறது.
நல்லபடியாகத்தான்.
உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவனைப்போல
கிடங்கின் நிழலைத் தாண்டி நடந்து
காருக்குப் போனேன் அன்று.

நாளை புத்தகத்தைத் திருப்ப வேண்டும்.
143-ஆம் பக்கத்தில் ஏதாவது எழுதலாமென்று
திறந்து வைத்தேன்.
என்னிடம் இருந்தது பேனா.
அந்தப் பக்கத்தில் மை சரியில்லை என்று பட்டது.

குனிந்தபோது சட்டைக்கை மடிப்பிலிருந்து
ஒரு கோதுமை மணி உதிர்ந்து
இரு பக்கங்களுக்கு நடுவே உருண்டு நின்றது.
இங்கே அது எல்லாவற்றிலும் இருக்கும்,
காதில், காலுறையில், தேநீரில்.
எடுத்தேன்.
பழக்கம், வாயில் போட்டுக் கடித்தேன்.
பதின்மூன்றரை, என்றது பல்.
காய்ந்த சரக்கு. ஏற்றலாம்.

வெளியே ஹாரன்.
மென்றுகொண்டே சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.